இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் வீட்டில் இருமல் முறை வைத்துக்கொண்டு வந்துபோனது. முதல் வாரம் அவருக்கு, அடுத்த வாரம் எனக்கு. இப்போது இருவரும் தேறிவிட்டோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணியின் வலது கையில் ஏதாவது முன்னேற்றம் தெரிகிறதா?

நேற்று போனில் 'ம்', 'சரி', 'அப்புறம்' என்ற மூன்றே சொற்களை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டாய். பக்கத்தில் அண்ணி இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கண்ணாடி அதிரும். அதனால்தான் இந்தக் கடிதம். இதிலாவது தாராளமாகப் பேசு.

எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்புப் பிரிவில் போன வாரம் ஒரு விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்தார்கள். வீட்டில் நோயாளியை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான திட்டம் அது. பதினான்கு நாள் நோயாளியை ஆஸ்பத்திரியே தன் விடுதியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். வீட்டிலிருப்பவர் அந்த நாட்களில் தன்பாட்டுக்கு இருக்கலாம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ரெஸ்பைட் கேர்'. நான் இரண்டே நிமிடத்தில் 'ஓய்வுப் பராமரிப்பு' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் நாலு பேரிடம் படிக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். காத்திருக்கும் கூடத்திலிருந்து தமிழ் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் பெரியவர். படித்ததும் முகம் மலர்ந்து, "நான் ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சும்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். இன்னொருவர் ஒரு பெண். தன் அம்மாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாளாம். இரண்டு தரம் படித்தாள். "எங்கம்மாவுக்கு ஓய்வு குடுத்துடுவீங்களா? அப்புறம் திருப்பி அனுப்ப மாட்டீங்களா?" என்றாள். நான் விளக்குவதற்குள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தொன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நான் எழுதிய சொல்லைப் பார்த்துப் பயந்து ஒருத்தி எழுந்து ஓடியது இதுதான் முதல் தடவை. குறுக்கெழுத்துப் போட்டியை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிற ஆளாயிற்றே நீ. ஒரு நல்ல சொல் சொல்லேன்.

அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
அகராதி


ஜனவரி 25

அன்புள்ள அகராதிக்கு,

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாயே என்று சின்ன வயதில் உனக்கு வைத்த பட்டப்பெயர். கடைசியில் அகராதியை மேஜையில் வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறாய். என் வாய் முகூர்த்தம்.

இங்கே இருவரும் சுகம்தான். அண்ணியின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குகின்றன. ஒரு கைக்குட்டையைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு வந்திருக்கிறாள். காலில் மாற்றமில்லை. வாய்க்கு மட்டும் எந்தக் காலத்திலும் பக்கவாதம் வராது. இருபத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள் இல்லையா, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் அவள்தான் டிரைவர், நான் வெறும் இன்ஜின். குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, "லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும் போதும், கதவைப் பேத்துடப் போறீங்க" என்பாள். போன வாரம் கதவின் பெயின்ட் கொஞ்சம் போயிற்று. விபத்து அறிக்கை எழுதச் சொல்கிறாள்.

எனக்கு என்ன குறை? லிஃப்ட் கம்பெனியில் நீண்ட விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து அவளைப் புரட்டிப் படுக்க வைப்பேன். ஏழு மணிக்குக் குளியல், மாத்திரை, சாப்பாடு. பத்து மணிக்குக் கைகால் பயிற்சி. மதியம் துணி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி புரட்டல். நாள் போவதே தெரியவில்லை.

உன் சொல்லுக்கு வருகிறேன். 'ஓய்வு' சரிவராது. 'ஆள் ஓய்ந்துபோனான்' என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். மழை ஓய்ந்தது என்றாலும் அதே முடிவுதான். அந்தப் பெண் பயந்ததில் தப்பே இல்லை. 'சும்மா இருத்தல்' என்று போட்டுப் பார். உன் மேலதிகாரி மயங்கி விழுந்தால் நான் பொறுப்பல்ல.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. பார்த்துவிட்டு வருகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் இரண்டு விரல்களைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். இங்கே நாங்கள் நலம். என் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் பவர் கூடிவிட்டது.

நீ சொன்னதைக் கேட்டு 'ஓய்வு' என்பதை அடித்துவிட்டேன். தமிழில் தேடுவதை நிறுத்தி, அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் பெரிய அகராதியை எடுத்தேன். தூக்கவே இரண்டு கை வேண்டும் அதற்கு. 'ரெஸ்பைட்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம். லத்தீனில் அதற்கு மூலம் 'ரெஸ்பெக்டுஸ்'. என்ன அர்த்தம் தெரியுமா? திரும்பிப் பார்த்தல். படுத்துக்கொள்வதும் இல்லை, தூங்குவதும் இல்லை. போய்க்கொண்டே இருக்கிறவன் நின்று, கழுத்தைத் திருப்பி, வந்த வழியைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

அதிலிருந்து, ஒரு விஷயத்தை எண்ணிப் பார்ப்பது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. பிறகு, எண்ணிப் பார்க்கக் கொடுக்கிற தவணை. தண்டனையைக் கொஞ்ச நாள் தள்ளிவைப்பதற்கும் இதே சொல்தான். அதற்கப்புறம்தான் சிரமத்துக்கு நடுவே கிடைக்கிற இடைவெளி என்ற அர்த்தம் நிலைத்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மரியாதைக்குச் சொல்கிற 'ரெஸ்பெக்ட்' இருக்கிறதே, அதுவும் இதே வயிற்றில் பிறந்ததுதான். ஒருவரைக் கடந்துபோன பிறகும் திரும்பிப் பார்க்கிறோம் என்றால் அவர்மேல் மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதையெல்லாம் என் மேலதிகாரியிடம் சொன்னேன். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஃபாரத்துல தலைப்புக்கு ஒரு வரிதான் இடம்" என்றார்.

அண்ணா, உங்கள் ஊரிலும் இந்தத் திட்டம் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். ஒரு தடவை அண்ணியைக் கேட்டுப் பாரேன்.

அன்புடன்,
அகராதி


மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அண்ணியும் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது.

உன் லத்தீன் பாடம் நன்றாக இருந்தது. ஆனால் எங்களுக்கு அந்தத் திட்டம் வேண்டாம். அது கையில் வலு இல்லாதவர்களுக்கு. நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் தண்டவாளம் தூக்கியவன். உன் அண்ணி அறுபது கிலோகூட இல்லை. அவளை முன்பின் தெரியாதவர்களிடம் பதினான்கு நாள் விட்டுவிட்டு நான் எந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது? பின்னால் பார்த்துக்கொண்டு நடக்கிறவன் முட்டிக்கொள்வான்.

உன் பேச்சை அண்ணியிடம் எடுக்கவில்லை. நீயும் எடுக்காதே.

லிஃப்ட் இந்த வாரம் நான்கு முறை நின்றுவிட்டது. பழைய வண்டி. நான்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை 'அகராதி' என்று கூப்பிடவில்லை. கோபமா, களைப்பா என்று தெரியவில்லை. எங்கள் நலத்துக்குக் குறைவில்லை.

நீ சொன்னபடி அண்ணியிடம் எதுவும் பேசமாட்டேன். ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம். உன் விடுப்பு எப்போது முடிகிறது? எந்தக் கம்பெனி இத்தனை மாதம் கொடுக்கும்? இரண்டாவது, அந்த லிஃப்டை மாட்டியதே நீதான். பதினாறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நின்றது, அதுவும் கரண்ட் போனதால் என்று நீயே பெருமை அடித்திருக்கிறாய். உன் கை பட்ட லிஃப்ட் வாரத்துக்கு நான்கு முறை நிற்குமா?

பதில் எழுது.

அகராதி


ஏப்ரல் 20

அண்ணா,

நாற்பது நாளாகிறது. போன் செய்தால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் கேட்டது தப்பு என்றால் நேராகத் திட்டு. திட்டு வாங்கினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எழுதத் தோன்றவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அகராதி


ஏப்ரல் 29

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். இடது கை எழுத்து. பஸ் மேடுபள்ளத்தில் போவது போல இருக்கும். பொறுத்துக்கொள். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உன் அண்ணன் துணி துவைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதித் தலையணைக்கு அடியில் வைத்தேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறபடி இருக்கிறேன்.

உன் கடிதங்களை அவர் மின்சார மீட்டர் பெட்டிக்குள் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு எடுத்துப் படித்துவிட்டேன். தப்புதான்.

விடுப்பு என்று உனக்கு எழுதியிருக்கிறார். விடுப்பு இல்லை. பதினோரு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். என்னிடமும் விடுப்பு என்றுதான் சொன்னார். நானும் நம்புகிற மாதிரி இருந்துகொண்டேன்.

லிஃப்ட் பழுதாகவில்லை. அவரேதான் நிறுத்தியிருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்வார். வெளியே 'பழுது' என்று அட்டை தொங்கும். முதலில் பத்து நிமிடம். பிறகு அரை மணி. ஏப்ரல் இரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்குப் போனவர் வரவே இல்லை. ஐந்தாவது மாடியில் ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. காய்கறிப் பையோடு படியேறி, மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டான். வந்தது யார் என்கிறாய்? அவரோடு பன்னிரண்டு வருடம் கூடவே வேலை பார்த்த ஒரு மெக்கானிக் பெண். கதவை நெம்பித் திறந்தால், இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அவள் நல்லவள். கூடியிருந்தவர்களிடம், "பெரிய ரிப்பேர். சார் உள்ளேயே மாட்டிக்கிட்டார். இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு மேலே வந்து என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "நாலு தடவை கூப்பிட்டேன்க்கா. தோளைப் பிடிச்சு உலுக்கின அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் லேசாக இருமினால்கூட எழுந்து வந்து நிற்கிற மனிதர் அவர். நாலு குரலுக்கும் எழவில்லையாம்.

அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே சோறு ஊட்டுகிறார்.

எங்கள் டெப்போவில் ஒரு சட்டம் உண்டு. நாலரை மணி நேரத்துக்கு மேல் யாரும் ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது. எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் இறங்கியே ஆக வேண்டும். டிரைவர் மேல் இருக்கிற பாசத்தால் இல்லை. பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால். இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பது நான். உன் அண்ணனுக்கு அது புரியவில்லை.

இன்னொன்று. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எனக்கும் அவரிடமிருந்து கொஞ்ச நாள் விடுதலை வேண்டும். அவர் முகம் வாடுமே என்று 'வலிக்கல, வலிக்கல' என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வலித்தால் கத்த வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் நடுவே இருந்தால் நன்றாகக் கத்தலாம்.

அந்த ஃபாரத்தை எனக்கு அனுப்பு. என் பெயருக்கே அனுப்பு.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கும், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகும் அண்ணாவுக்கும்,

நீங்கள் இருவரும் இந்தக் கடிதத்தை எந்த நிலையில் பிரிப்பீர்கள் என்று தெரியவில்லை. எப்படி இருந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

அண்ணி, ஃபாரம் இதோடு இருக்கிறது. உங்கள் ஊர் அலுவலகத்திலிருந்து நேற்றுதான் வாங்கி அனுப்பினார்கள். அங்கேயும் நான் செய்த தமிழையே அச்சடித்திருக்கிறார்கள். தலைப்பைப் பாருங்கள். 'இளைப்பாறும் அவகாசம்.' 'ஓய்வு' என்றால் முடிந்துபோவது. 'இளைப்பாறுதல்' அப்படி இல்லை. ஓடி இளைத்தவனின் மூச்சு ஆறுகிறது, பிறகு அவன் மறுபடி நடப்பான். அவகாசம் என்றால் ஒருவருக்குக் கொடுக்கிற நேரம். லத்தீன்காரர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததற்கு இதைவிடக் கிட்டத்தில் என்னால் போக முடியவில்லை.

தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும். 'பதினைந்தாம் நாள் உங்கள் உறவினர் உங்கள் வீட்டுக்கே திரும்பி வருவார்.' ஆங்கிலத்தில் அந்த வரி கிடையாது. மேலதிகாரி எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. "இல்லாததை நீங்க எப்படிச் சேர்ப்பீங்க?" என்றார். "பயந்து எழுந்து போனவங்களை நீங்க பார்க்கல சார், நான் பார்த்தேன்" என்றேன். இரண்டு நாள் முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணைத்தான் தேடிக்கொண்டே இருக்கிறேன். அதற்கப்புறம் அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

அண்ணா, உன்னிடம் எனக்கு ஒன்றும் கேட்பதற்கில்லை. அந்த லிஃப்டுக்குள் உனக்குக் காற்று வந்ததா என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அகராதி


மே 17

அன்புள்ள அகராதிக்கு,

நீயும் உன் அண்ணியும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் கடிதம் போட்டுக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் ஏழு மாதம், ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. கடைசியில் என்னை ஓடிப்போகிறவன் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமலே குளிப்பாட்டினேன்.

மூன்றாம் நாள் அவளே ஆரம்பித்தாள். "என்னைப் பார்த்துக்கறதுல நீங்க குறை வச்சீங்கன்னு நான் சொன்னேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறீங்க? உங்களுக்கு உட்கார ஒரு இடம் வேணும்னு என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன எமனா?"

மாத்திரையை எடுத்துவரப் போய்விட்டேன்.

உன்னிடம் சொல்கிறேன். காற்று வரும். மேலே ஒரு சின்ன ஃபேன் உண்டு. அந்தச் சத்தத்தில் வீட்டுச் சத்தம் எதுவும் காதில் விழாது. அங்கே என்னை யாரும் கூப்பிட முடியாது. நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நிஜமாகவே பழுது பார்க்கத்தான் போனேன். வேலை முடிந்தும் பட்டனை அழுத்தக் கை வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் ஸ்டூலோடு போனேன்.

இதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் உள்ளே இருக்கும்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. "மறுபடியும் போச்சா" என்று சலித்துக்கொண்டு அந்தக் கர்ப்பிணிப் பெண் படியேறினாள். கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை என்னால் மறக்க முடியவில்லை.

நேற்று ஐந்தாவது மாடிக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கோபம்தான். நியாயமான கோபம். பிறகு, "என்ன சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து அக்காகூட உட்கார்ந்திருப்பேனே. நாள் முழுக்கத் தனியா சுவரைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். அதைக் கேட்டு வெட்கம் இன்னும் கூடிவிட்டது.

ஃபாரத்தில் கையெழுத்துக்கு இரண்டு கட்டம். அவளுடையது இடது கையால், கோணலாக, கட்டத்தைத் தாண்டி. நான் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். உன் அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று காலை போட்டுவிட்டேன். தபாலில் சேர்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உன் கண்ணாடி பவர் இப்போது சரியாகிவிட்டதா?

அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அகராதிக்கு,

அண்ணி விடுதிக்குப் போய் இன்று ஆறாவது நாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

முதல் இரண்டு நாள் தூங்கினேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை. தூங்கினேன், எழுந்து எதையோ சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன். மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. அவளைப் புரட்டக் கையை நீட்டினால் வெறும் மெத்தை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று கேட்காதே.

நான்காம் நாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிளம்பி, உன் அண்ணி ஓட்டிய பதினான்காம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். கடைசிச் சீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாத் தெருவும் பின்னால் ஓடியது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. நோய் வந்த பிறகு நாங்கள் ஒரு சண்டைகூடப் போடவில்லை. முன்பெல்லாம் ஃபேனை எந்த நம்பரில் வைப்பது என்பதற்கே இரண்டு நாள் பேசாமல் இருப்போம். நான் அவளுக்கு எல்லாம் செய்தேன். அவளோடு சண்டை போடுகிற அளவுக்கு அவளை ஆளாக நினைக்க மறந்துவிட்டேன். நீ எழுதினாயே, 'ரெஸ்பைட்', 'ரெஸ்பெக்ட்' இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்று. பஸ் திரும்புகிற இடத்தில்தான் எனக்கு அது உறைத்தது.

நேற்று விடுதிக்குப் போனேன். நான்கு பேரோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எதுக்கு வந்தீங்க? இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பயம். நான் இல்லாமலே அவள் நன்றாக இருக்கிறாளோ? இருந்தால் நல்லதுதானே. ஆனாலும் பயம்.

அண்ணன்


ஜூன் 23

அன்பு நாத்தனாருக்கு,

விடுதியிலிருந்து எழுதுகிறேன். இங்கே டீ ஆறித்தான் வருகிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள் சாயங்காலம் ஆனால் மகனைக் கூப்பிட்டு அழுகிறாள். சொர்க்கம் இல்லை. ஆனால் நான் நன்றாகக் கத்துகிறேன். யாரும் முகம் வாடுவதில்லை. "சரி, கத்துங்க, ஆனா காலை நீட்டுங்க" என்கிறார்கள்.

உன்னிடம் ஒரு ரகசியம். இங்கே ஒரு வழவழப்பான பலகை இருக்கிறது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அதைப் போட்டு, இடது கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நானே மாறி உட்கார வேண்டும். நர்ஸுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். இரக்கமே கிடையாது. "நான் தூக்க மாட்டேன். பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான்" என்றாள். முதல் நாள் பாதியில் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் சரிந்து விழப் பார்த்தேன். பிடித்தாள், ஆனால் திருப்பி ஆரம்பத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். நேற்று முழுத் தூரமும் நானே போனேன்.

வீட்டில் உன் அண்ணன் இதற்கு ஒருநாளும் விட்டிருக்க மாட்டார். நான் முக்குவதற்குள் தூக்கிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. நானும் தூக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாதே. அவருக்கு நானே காட்ட வேண்டும்.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அகராதிக்கு,

அண்ணி வீட்டுக்கு வந்து பதினோரு நாளாகிறது. இருவருக்கும் சுகம். இந்த முறை அதை எழுதும்போது பேனா தடுமாறவில்லை.

வந்த அன்று டாக்ஸி வாசலில் நின்றதும் வழக்கம்போலக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். "கையை எடுங்க" என்றாள். புரியாமல் நின்றேன். "எடுங்கன்னா எடுங்க. தள்ளி நில்லுங்க." பைக்குள்ளிருந்து ஒரு பலகையை எடுத்தாள். விடுதியில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே அதைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர ஆரம்பித்தாள். பின்னால் ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "இருபத்தோரு வருஷம் நானும் அடிச்சிருக்கேன், பொறுடா" என்று உள்ளிருந்தே கத்தினாள். ஒரு இடத்தில் பலகை அசைந்தது. என் கை தானாக முன்னால் போனது. பின்னால் கட்டிக்கொண்டேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். நாற்காலியில் வந்து உட்கார்ந்து முகமெல்லாம் வேர்வையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ கனத்தைத் தூக்கியிருக்கிறேன் நான். சும்மா நின்றது போலக் கடினமான வேலை எதையும் செய்ததில்லை.

பழைய லிஃப்ட் கம்பெனியில் திங்கள்கிழமையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது மாடிப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையோடு காலையில் வந்து அண்ணிகூட உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். மதியத்துக்கு ஓர் உதவியாளர் வருவார். அண்ணி அவருக்கும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போன வாரம் ஃபேனுக்காக ஒரு நல்ல சண்டையும் நடந்தது. அவள்தான் ஜெயித்தாள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்தில் பாயைப் போட்டு லேசாகக் கண்ணை மூடினேன். அவள் உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தாள். நான் கண் விழித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. என் தலைமாட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நியூஸ்பேப்பரை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தேன்.

"எப்ப வந்தே?"

"ஒரு மணி நேரம் ஆச்சு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பினாள். "நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

உங்கள் இருவருக்கும் எங்கள் இருவரின் அன்பு.

அண்ணன்